ஸ்ட்ரோலரை விட்டு இறங்கவே மாட்டேன் என்கிறான்

இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்றை எடுத்திருக்கிறேன். மூன்றும் சின்னக் கால்கள் சம்பந்தப்பட்டவை. முதல் கடிதத்துக்குத்தான் அதிக இடம் போகும். அதே புலம்பலை வேறு சில அம்மாக்களும் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

கேள்வி: டீச்சர், என் மகனுக்கு மூன்றே முக்கால் வயது. வீட்டை விட்டுக் கிளம்பினாலே ஸ்ட்ரோலர் வேண்டும். இறக்கிவிட்டால் நாலு அடி வைப்பான், அப்புறம் "கால் வலிக்குது, தூக்கு" என்று நடுவழியில் உட்கார்ந்துவிடுவான். சாயங்காலம் எங்கள் அடுக்குமாடியின் கீழே இருக்கும் விளையாட்டுத் திடலில் மட்டும் இருட்டும் வரை ஓடுகிறான். எனக்கு இப்போது ஐந்தாம் மாதம். அவனைத் தூக்க முடியவில்லை. குழந்தை பிறந்தால் ஸ்ட்ரோலர் அதற்கு வேண்டும். அடுத்த ஆண்டு பாலர் பள்ளி வேறு. "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்கிறார் கணவர். "பச்சைப் பிள்ளையை ஏன் வெயிலில் நடக்கவிட்டு வாட்டுகிறாய்" என்கிறார் மாமியார். நான் யார் பேச்சைக் கேட்பது?
— வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: மாமியார் சொன்னதில் வெயிலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் சொன்னதில் எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கடிதத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது மா. இருட்டும் வரை ஓடுகிற பிள்ளையின் காலைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. பாலர் பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் இதைக் காலைதோறும் பார்ப்பேன். கேட்டிலிருந்து வகுப்பு வரை நடக்க முடியாது என்று அம்மாவின் இடுப்பில் ஒட்டிக்கொண்டு ஒருவர் வருவார். இடைவேளைக்கு மணி அடித்ததும் அதே ஆள் மாமரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவார். பிடிப்பதற்குள் நமக்கு மூச்சு வாங்கும். காலையில் அவர் பொய் சொன்னார் என்று அர்த்தமில்லை. திடலில் ஓடும்போது நினைத்த இடத்தில் நிற்கலாம், குனிந்து எறும்பைப் பார்க்கலாம், திரும்பி ஓடலாம். மார்க்கெட்டுக்கு நடக்கும்போது வழி அம்மாவுடையது, வேகமும் அம்மாவுடையது. நீங்கள் ஓர் அடி வைக்கிற தூரத்துக்கு அவன் இரண்டு வைக்க வேண்டும். அவன் உயரத்தில் என்ன தெரிகிறது என்று ஒருமுறை குந்திப் பாருங்கள்: ஆட்களின் தொடை, மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய், தார்ச் சாலையிலிருந்து எழும்பும் அனல். அலுப்பு, தாகம், புழுக்கம் எல்லாவற்றுக்கும் அந்த வயதில் ஒரே புகார்தான், கால் வலி.

அதனால் எல்லாப் போக்குவரத்தையும் ஒரே வாரத்தில் நடையாக்கிவிடலாம் என்று இறங்காதீர்கள். எது நடந்து போகிற வேலை, எது ஸ்ட்ரோலரில் போகிற வேலை என்று நீங்கள் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் மாதாந்திரப் பரிசோதனைக்குக் கிளினிக் போக வேண்டும், நேரத்துக்கு இருக்க வேண்டும் என்றால் ஸ்ட்ரோலர். அதில் குற்ற உணர்ச்சி எதற்கு? நமக்கு அவசரம், அதனால் தள்ளிக்கொண்டு போகிறோம். கீழே கடைக்குப் போய் ரொட்டி வாங்குவது, தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பது, எதிர் புளோக்கில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போவது, இவையெல்லாம் நடை. எதுவானாலும் வாசலில் செருப்பு மாட்டும்போதே சொல்லிவிடுங்கள்: "இப்ப நடந்து போறோம்" அல்லது "இப்ப ஸ்ட்ரோலர்". பாதி வழியில் மாற்றாதீர்கள், அவன் அழுதாலும் சரி, உங்களுக்கே சலித்தாலும் சரி.

நடை என்று சொன்ன அன்று "எதற்கும் இருக்கட்டும்" என்று காலி ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு போவதுதான் பலர் செய்வது. வேண்டாம். கண்ணெதிரே உருண்டுகொண்டே வந்தால் எந்தப் பிள்ளையும் கேட்கத்தான் செய்யும். இன்னொரு ஆபத்தும் உண்டு. காலி ஸ்ட்ரோலரின் கைப்பிடியில் காய்கறிப் பைகளை மாட்டுவோம். முன்னால் கனம் இல்லாததால் வண்டி அப்படியே பின்பக்கம் சாயும். பிள்ளை உட்கார்ந்திருந்து திடீரென்று இறங்கினாலும் இதேதான் நடக்கும். பைகளைக் கைப்பிடியில் தொங்கவிடாமல் சீட்டுக்குக் கீழே இருக்கும் கூடையில் வையுங்கள்.

வண்டியே இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம்? வழக்கமாக நான் சொல்லும் கணக்கு, அழுதால் நீங்கள் தூக்கிக்கொண்டு திரும்பக்கூடிய தூரம் என்பது. உங்கள் நிலையில் தூக்கவே கூடாது, ஆகவே இன்னும் குறையுங்கள். அடுக்குமாடி வளாகத்துக்குள்ளேயே ஆரம்பியுங்கள். போகும்போது எல்லாப் பிள்ளைகளும் குதித்துக்கொண்டுதான் போவார்கள். திரும்பும்போதுதான் பேட்டரி தீரும். அவன் இன்னும் உற்சாகமாக இருக்கும்போதே திருப்பிக் கூட்டி வந்துவிட வேண்டும். "இன்னும் போகலாம்மா" என்று அவன் கேட்டால் அன்றைய நடை நன்றாக முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

வெளியே போகும் நடைக்கு ஒரு தந்திரம் உண்டு. கடைசித் துண்டிலிருந்து தொடங்குங்கள். மார்க்கெட்டுக்கு ஸ்ட்ரோலரில் போய் வாருங்கள். திரும்பி வரும்போது உங்கள் புளோக்கின் அடியில் இறக்கிவிட்டு லிப்ட் வரை நடக்கட்டும். அங்கே ஒரு சட்டம்: லிப்ட் பட்டனை அமுக்குவது நடந்து வந்தவர்களின் வேலை. ஸ்ட்ரோலரில் வந்தவர்களுக்கு எட்டாது, பாவம். இந்தச் சட்டத்துக்கு மயங்காத நான்கு வயதுப் பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. அது பழகியதும் இறங்கும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குக் கொண்டுபோங்கள். முதலில் லிப்டுக்கு முன்னால், அப்புறம் பாதுகாவலர் சாவடி, அதற்கப்புறம் பேருந்து நிறுத்தம். வீடு முன்னால் தெரிகிறது, பட்டன் காத்திருக்கிறது. கால் தானாக நடக்கும். இங்கே மட்டும் நான் சொன்ன "பாதி வழியில் மாற்றாதே" சட்டம் உடைவதுபோல் தெரியும். உடையவில்லை. கிளம்பும்போதே "சாவடி வரைக்கும் வண்டி, அங்கிருந்து நடை" என்று சொல்லியிருப்பீர்கள் அல்லவா?

கையில் ஒரு வேலை கொடுங்கள். அவனுக்கென்று ஒரு சின்னத் துணிப்பை, அதில் கறிவேப்பிலைக் கட்டு அல்லது இரண்டு எலுமிச்சை, அவ்வளவு போதும். அது இல்லாவிட்டால் மத்தியானம் ரசம் இல்லை என்று சொல்லிப் பாருங்கள், நடையே மாறும்.

நடக்கும் நேரத்தையும் பாருங்கள். நம் ஊரில் காலை பத்து மணி வெயில் பெரியவர்களையே சுருட்டிப் போட்டுவிடுகிறது. மார்க்கெட்டுக்கு ஏழரைக்குப் போகலாம். மாலையில் ஐந்தரைக்கு மேல் போனால் இருட்ட ஏழு, ஏழரை ஆகிவிடும், நேரம் தாராளம். பாட்டிலில் தண்ணீர், தலையில் தொப்பி. காலில் ஜப்பான் சிலிப்பர், அதாவது விரலிடுக்கில் மாட்டும் ரப்பர் செருப்பு, வேண்டாம். அது கழன்றுவிடாமல் விரலால் பிடித்துப் பிடித்து நடந்தே பிள்ளை களைத்துப்போகும். குதிகாலுக்குப் பின்னால் பட்டை வைத்த சாண்டல் நல்லது. நின்றபடி பார்த்தால் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். இந்த வயதில் பாதம் சட்டென்று வளர்வதால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். "நடக்க மாட்டேன்" என்ற அடம் சில வீடுகளில் புதுச் செருப்பு வாங்கிய அன்றே தீர்ந்திருக்கிறது.

கொஞ்சம் பழகியதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு கடைத்தெருப் பக்கம், அதுதான் லிட்டில் இந்தியா, போய் வாருங்கள். அங்கே அஞ்சடியில், அதாவது கடை வாசல்களை ஒட்டிய நடைபாதையில், ஸ்ட்ரோலர் தள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு கடை வாசல் உயரம், அடுத்த கடை வாசல் பள்ளம், நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள், அதைத் தாண்டினால் அரிசி மூட்டை. நமக்குத் தொல்லையாக இருக்கும் அதே இடம் பிள்ளைக்கு விளையாட்டுத் திடல். ஏறி இறங்கி ஏறி இறங்கியே ஒரு வரிசையை முடித்துவிடுவான். பழைய கடை வாசல்களில் பூப்போட்ட தரை ஓடுகள் இருக்கும். பச்சையில் மட்டும் கால் வைக்க வேண்டும், சிவப்பில் வைத்தால் அவுட் என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள்தான் "போதும், வா" என்று கெஞ்ச வேண்டியிருக்கும். குவீன் தெரு மகாமாரியம்மன் கோவில் வரை போய்க் கும்பிட்டுவிட்டு, பூக்கடையில் நின்று, திரும்பலாம். ஆனால் சாலையோரச் சாக்கடைகள் அங்கே ஆழம், பல இடங்களில் மூடியும் கிடையாது. அஞ்சடியை விட்டுச் சாலைக்கு இறங்கினால் கையைப் பிடித்தே ஆக வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் பேரம் கிடையாது.

கை என்றதும் முக்கியமான ஒன்று. நடக்காமல் அடம் பிடிக்கும் பிள்ளையை மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுக்காதீர்கள், ஒரு கையால் மேலே தூக்காதீர்கள். ஐந்து வயதுக்குக் கீழே முழங்கை மூட்டின் பிடிமானம் தளர்வாக இருக்கும். ஓர் இழுப்பிலேயே எலும்பு சற்று விலகிவிடும். பிள்ளை வீறிட்டு அழும், அப்புறம் அந்தக் கையை அசைக்காமல் தொங்கவிட்டுக்கொண்டே இருக்கும். அப்படி நேர்ந்தால் எண்ணெய் போட்டு நீவாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பெரும்பாலும் நொடியில் சரிசெய்துவிடுவார்கள். கணவரிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள். அவசரத்தில் இழுப்பவர்கள் பெரும்பாலும் அப்பாக்கள்தான்.

சரி, உட்கார்ந்தே விட்டான், என்ன செய்வது? முதலில் ஓரத்துக்கு, நிழலுக்கு நகருங்கள். நீங்களும் உட்காருங்கள், அல்லது சுவரில் சாயுங்கள். தண்ணீர் கொடுங்கள். பேசாமல் கொஞ்ச நேரம் இருங்கள். "விட்டுட்டுப் போயிடுவேன்", "போலீஸ்காரர் பிடிச்சுக்குவார்" இரண்டும் வேண்டாம். முதல் மிரட்டலை நம்பிய பிள்ளை அப்புறம் இடுப்பை விட்டே இறங்காது. "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்பதும் பயனில்லை. அவனுக்குத் தூரம் தெரியாது. கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லுங்கள். "அந்த ரொட்டி சானாய் கடை வரைக்கும் போய் நிப்போம்." போய் நில்லுங்கள், சொன்னபடி நில்லுங்கள். அப்புறம் அடுத்த இடம். ஐஸ்கிரீம் ஆசை காட்டினால் அன்றைக்கு நடந்துவிடுவான், உண்மைதான். நாளை அதே கடை வாசலில் சுங்கம் கட்டாமல் நகர மாட்டான்.

ஸ்ட்ரோலரில் உட்கார்ந்ததும் கையில் போன் கொடுக்கும் பழக்கம் இருக்கிறதா? கடிதத்தில் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன். இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். கார்ட்டூன், பிஸ்கட், நிழற்குடை எல்லாம் உள்ளே இருந்தால் நானே இறங்க மாட்டேன்.

மாமியாருக்குச் சொல்ல இரண்டு செய்திகள். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான வழிகாட்டியை வெளியிட்டது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை ஒரு நாளில் மொத்தம் 180 நிமிடமாவது ஓடியாடி இருக்க வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்குகிற அளவுக்கு. ஸ்ட்ரோலர் போன்றவற்றில் ஒரே மூச்சில் 1 மணி நேரத்துக்கு மேல் கட்டி வைக்கக் கூடாது. திடல் ஓட்டமும் வீட்டுக்குள் குதிப்பதும் இந்த 180-இல் சேரும், ஆகவே கணக்குப் பார்த்துப் பதற வேண்டாம். இரண்டாவது, ஸ்ட்ரோலரைக் கவிழ்த்து, ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். பல வண்டிகள் 15 கிலோ வரைதான் தாங்கும், சில 22 வரை. நான்கு வயது ஆண் பிள்ளையின் சராசரி எடையே ஏறக்குறைய 16 கிலோ. "அத்தை, வண்டி தாங்காது, உடைஞ்சு விழுந்துடும்" என்றால் அவரே இறக்கிவிடுவார்.

கடைசியாக, வரப்போகும் குழந்தை. குழந்தை வீட்டுக்கு வந்த அன்று "இனி இது தம்பியோடது" என்று பிடுங்கினால் வண்டியும் போச்சு, சமாதானமும் போச்சு. இன்னும் நான்கு மாதம் கையில் இருக்கிறது. குழந்தை பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பே வண்டியை மடித்து அலமாரிக்கு மேலே வைத்துவிடுங்கள், அவன் கண்ணில் படாமல். பிறகு எடுக்கும்போது அவனையே துடைக்கச் சொல்லுங்கள். தள்ளுவதற்கு ஒரு பக்கத்துக் கைப்பிடி அவனுக்கு. தூரமாகப் போகும் நாட்களுக்கு, வண்டியின் பின்னால் பெரிய பிள்ளை நின்றுகொண்டு வர ஒரு பலகை விற்கிறார்கள். உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்று கடையில் மாட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

கேள்வி: மகளுக்கு நான்கு வயது. பகலில் நன்றாக நடக்கிறாள். சில இரவுகளில் "கால் வலிக்குது" என்று எழுந்து அழுகிறாள். தைலம் தேய்த்தால் தூங்கிவிடுகிறாள். காலையில் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறாள். அதிகம் நடக்க வைப்பதால் வருகிறதா? முட்டி இரண்டும் உள்பக்கம் வளைந்திருப்பதுபோலவும் தெரிகிறது.
— வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இரண்டு காலிலும், மாலையிலோ இரவிலோ வந்து, காலையில் சுவடில்லாமல் போகும் வலி மூன்று வயதுக்கு மேல் பல பிள்ளைகளுக்கு வருவதுதான். தேய்த்துவிடுங்கள், வெதுவெதுப்பான துணி ஒற்றுங்கள். நடையைக் குறைக்க வேண்டியதில்லை. முட்டி உள்பக்கம் வளைவது மூன்று, நான்கு வயதில் அதிகமாகத் தெரியும். ஏழு வயதுவாக்கில் பெரும்பாலும் தானாக நேராகும். எண்ணெய் போட்டு நீவி நிமிர்த்துகிறேன் என்று யாராவது வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். பாதம் தட்டையாக இருப்பதும் இந்த வயதில் சாதாரணம்.

ஆனால் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் தள்ளிப் போடாதீர்கள்: எப்போதும் ஒரே காலில் வலி, நொண்டல், வீக்கம், காய்ச்சல், காலையில் எழுந்ததும் கால் விறைத்திருப்பது, நன்றாக நடந்த பிள்ளை திடீரென்று நடக்கவே மறுப்பது. அதேபோல, முகம் வெளிறி எந்நேரமும் சோர்ந்து கிடந்தால் இரத்தச்சோகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிள்ளை அடிக்கடி விழுகிறது, படி ஏறத் திணறுகிறது, தரையிலிருந்து எழும்போது கையைத் தொடையில் ஊன்றி ஊன்றி எழுகிறது என்றால், குறிப்பாக ஆண் பிள்ளையாக இருந்தால், "சோம்பேறி" என்று திட்டிக்கொண்டிருக்காமல் தசைகளைச் சோதிக்கச் சொல்லுங்கள். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான். குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் போங்கள். வலி வந்த நாளையும் எந்தக் கால் என்பதையும் போனில் குறித்து வைத்திருந்தால் மருத்துவருக்கு வேலை பாதி மிச்சம்.

கேள்வி: நான் தாத்தா. நான்கு வயதுப் பேத்தியைப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குக் கூட்டி வருவதாக வேண்டுதல். அவள் மாலுக்குப் போனால்கூட ஸ்ட்ரோலர் கேட்பவள். "வண்டியையும் எடுத்துப் போங்க அப்பா" என்கிறான் மகன். எனக்கு முட்டி வலி. என்ன செய்யலாம்?
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: ஐயா, 513 படிக்கு ஸ்ட்ரோலரை யார் தூக்குவது? மகனையும் கூட வரச் சொல்லுங்கள், வண்டி வீட்டிலேயே இருக்கட்டும்.

தைப்பூசத்தன்று வேண்டாம். அந்தக் கூட்டத்தில் அவளுக்கு முதுகுகளைத் தவிர வேறொன்றும் தெரியாது. சாதாரண வாரநாள், காலையிலேயே, வெயில் ஏறுவதற்கு முன். வெறுங்காலோடு ஏறுவதாக இருந்தால் இது இன்னும் முக்கியம். முதல் வாரம் மலை ஏறவே வேண்டாம்; பக்கத்திலேயே தாவரவியல் பூங்கா இருக்கிறது, அங்கே நடக்கப் பழக்குங்கள். நாகலிங்க மரங்கள் இருக்கின்றன. பூ அடிமரத்திலேயே பூக்கும், காய் பீரங்கிக் குண்டு அளவு தொங்கும். கீழே விழுந்த பூவை எடுத்து, உள்ளே லிங்கத்தையும் மேலே நாகத்தையும் காட்டுங்கள். அடுத்த மரத்துக்கு உங்களை அவளே இழுத்துக்கொண்டு போவாள். காய் தலையில் விழாத தூரத்தில் நில்லுங்கள்.

படி ஏறும் அன்று முருகனுக்கு அவசரமில்லை. இத்தனை படி எண்ணி ஏறுவோம், உட்காருவோம், மறுபடி எண்ணுவோம். பத்து வரைதான் எண்ணத் தெரியும் என்றால் பத்துப் பத்தாக ஏறுங்கள். அதுவே உங்கள் முட்டிக்கும் தோது. ஏறுவதைவிட இறங்குவதுதான் இந்த வயதுக்குச் சிரமம். ஒரு படிக்கு ஒரு கால் என்று மாற்றி மாற்றி இறங்குவது நான்கு வயதில்தான் கைவரத் தொடங்கும். இறங்கும்போது மகன் அவளுக்கு ஒரு படி கீழே முன்னால் போகட்டும், நீங்கள் கைப்பிடியை விடாதீர்கள். பாதியில் அவள் முடியாது என்றால் அங்கேயே நின்று கும்பிட்டுவிட்டு இறங்கி வாருங்கள். மிச்சத்துக்கு இன்னொரு நாள் வரலாம், வேண்டுதல் அவளோடு சேர்ந்து வளரட்டும்.

பூங்காவிலும் மலையடியிலும் குரங்குகள் உண்டு. பிஸ்கட், வாழைப்பழம் எதையும் பிளாஸ்டிக் பையில் போட்டு அவள் கையில் கொடுக்காதீர்கள். பையின் சரசரப்புக் கேட்டாலே வந்துவிடும். எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் வைத்து ஜிப்பை மூடி, மகன் தோளில் மாட்டிவிடுங்கள்.